உண்மையை ஊரறியக் காட்டிய லூயி பஸ்தேர்

பிரான்ஸ் நாட்டிலே பஸ்தேர் என்னும் பெயரில் ஒரு வீதியோ ஒரு பாடசாலையோ இல்லாத நகரத்தைக் காண்பது அரிது. லாச்சப்பலுக்கு அண்மையிலுள்ள மார்க்ஸ் டோர்மோய் நிலையத்தில் 12ஆம் இலக்க மெற்றோவில் ஏறுவோர், வண்டி மாறாமலே பஸ்தேர் என்னும் நிலையத்தைச் சென்றடையலாம். கடையில் நாம் வாங்கும் பாலிலும் பாற்கட்டியிலும் அவர் பெயரிலிருந்து பிறந்த சொல் அச்சிடப்பட்டிருக்கிறது. தாயகத்தில் விஞ்ஞானம் பயின்ற பெற்றோர் அதனைப் பாச்சராக்கல் என்று படித்திருப்பர். அந்தப் பாச்சரும் இந்தப் பஸ்தேரும் ஒருவரே. விசர்நாய் கடித்தவர்களுக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி ஏற்றிய அக்கால வைத்தியமும் அவர் தொடக்கி வைத்த வழியிலே வந்ததாகும்.

இத்தகைய பேரறிஞரின் கண்டுபிடிப்புகளை எமது மாணவர்கள் பிரெஞ்சுப் பாடசாலையிலே கற்கின்றனர். ஆயினும் அவருடைய வாழ்வில் அதிகம் பேசப்படாத மூன்று செய்திகள் உள்ளன. அவர் விஞ்ஞானத்தைப் பொதுமக்களின் கண்முன்னே கொண்டுவந்து காட்டியவர். ஆய்வுகூடங்களுக்கு அரசு பணம் ஒதுக்காததை அஞ்சாது எடுத்துரைத்தவர். அதேவேளை, தமது ஆய்வின் சில பகுதிகளை மறைத்தும் வைத்தவர். இம்மூன்றையும் சேர்த்துப் பார்த்தாலே அவருடைய வாழ்வு எமக்குப் பாடமாகும். ஆகவே, பெருமையை மட்டும் கூறாது, அவ்வாழ்வை உள்ளபடியே இங்கு கூற முற்படுகின்றோம்.

தோல் பதனிடுபவரின் மகன்

லூயி பஸ்தேர் 1822ஆம் ஆண்டு டிசம்பர் 27ஆம் திகதி, யூரா மலைப்பகுதியிலுள்ள டோல் என்னும் சிறு நகரத்திலே பிறந்தார். தந்தையார் நெப்போலியனின் படையில் பணியாற்றிய பின் தோல் பதனிடும் தொழிலை மேற்கொண்டவர். குடும்பம் பின்னர் அர்புவா என்னும் ஊரிலே குடியேறியது. சிறுவயதில் லூயி படிப்பிலும் பார்க்க ஓவியத்திலேயே அதிகம் திறமை காட்டினார். பெற்றோரையும் அயலவரையும் அவர் தீட்டிய ஓவியங்கள் இன்றும் உள்ளன.

1838ஆம் ஆண்டில் படிப்பதற்காகப் பரிசுக்கு அனுப்பப்பட்ட அவர், ஊர் நினைவு தாங்கமாட்டாது சில வாரங்களிலே வீடு திரும்பிவிட்டார். தூர தேசத்தில் வாழும் எமக்கு இது விளங்காத துன்பமன்று. 1842இல் பெற்ற விஞ்ஞானப் பட்டச் சான்றிதழில் இரசாயனவியலுக்குச் சாதாரண மதிப்பீடே கிடைத்தது. உயர் ஆசிரியர் கல்லூரியாகிய எக்கோல் நோர்மாலின் நுழைவுப் பரீட்சையில் சித்தியடைந்தபோதும், தமது நிலை தாழ்ந்திருந்தமையால் மனம் நிறைவடையாது, மீண்டும் ஓராண்டு படித்து 1843இல் மேலான நிலையுடன் சேர்ந்தார். ஒரு பரீட்சையின் பெறுபேறு ஒரு மனிதனின் அளவுகோலாகாது என்பதை எமது மாணவர்கள் இங்கு மனங்கொள்ள வேண்டும்.

அதன்பின் ஸ்ட்ராஸ்பூர்க்கிலும் லீல் நகரிலும் பேராசிரியராகப் பணிபுரிந்தார். 1849இல் மரி லோரான் என்னும் அம்மையாரை மணந்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். அவர்களுள் மூன்று பெண் பிள்ளைகள் 1859, 1865, 1866ஆம் ஆண்டுகளிலே இறந்தனர். அவர்களுள் இருவரை நெருப்புக்காய்ச்சல் கொண்டுபோயிற்று. தொற்றுநோயுடன் அவர் நடத்திய போராட்டத்திற்குப் பின்னே இத்துயரமும் நின்றது.

கூரையடியில் ஓர் ஆய்வுகூடம்

1857ஆம் ஆண்டில் பஸ்தேர் எக்கோல் நோர்மாலின் விஞ்ஞானப் பிரிவுத் தலைவராகவும் நிர்வாகியாகவும் பரிசுக்கு வந்தார். பதவி பெரிது, ஆய்வுகூடமோ இல்லை. கட்டடத்தின் கூரையடியிலிருந்த இரண்டு சிறு அறைகளே அவருக்குக் கிடைத்தன. ஆய்வுச் செலவுக்குப் பணம் கேட்டபோது, வரவு செலவுத் திட்டத்தில் அத்தகைய செலவுக்கென ஒரு தலைப்பே இல்லை என்று அமைச்சு பதிலளித்தது. ஆதலால் தமது சொந்தப் பணத்தைக் கொண்டே அவ்வறைகளை ஒழுங்குபடுத்தினார்.

பின்னர் ஒரு சிறு கட்டடம் வழங்கப்பட்டபோதும் இடநெருக்கடி தீரவில்லை. நுண்ணுயிர்களை வளர்ப்பதற்குரிய சூடான அறையை மாடிப்படியின் கீழே அமைக்க நேர்ந்தது. அதனுள்ளே செல்வதற்கு அவர் முழந்தாளிட்டுத் தவழ வேண்டியிருந்தது. நுண்ணுயிர்கள் பற்றிய அறிவிற் பெரும்பகுதி, இவ்வாறு தவழ்ந்து சென்று பார்த்த குடுவைகளிலிருந்தே பிறந்தது.

மக்கள் முன்னே விஞ்ஞானம்

அக்காலத்தில் உயிர்கள் தாமாகவே தோன்றும் என்ற கருத்து நிலவியது. கெட்டுப்போன சூப்பில் தோன்றும் நுண்ணுயிர்கள் அந்தச் சூப்பிலிருந்தே உண்டாகின்றன என்று ரூவான் நகர அறிஞர் பூஷே வாதிட்டார். அவை காற்றிலுள்ள தூசியுடன் வந்து சேர்கின்றன என்று பஸ்தேர் கூறினார். அன்னத்தின் கழுத்துப் போல வளைந்த குழாயுடைய குடுவைகளில் சூப்பைக் கொதிக்க வைத்தார். காற்று உள்ளே சென்றது; தூசி வளைவிலே தங்கிவிட்டது; சூப்பு கெடவில்லை. கழுத்தை உடைத்ததும் சில நாட்களில் அது கெட்டது.

இந்த முடிவை அவர் அறிஞர் சபையுடன் நிறுத்திக்கொள்ளவில்லை. 1864ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி சோர்போனில் நடைபெற்ற மாலைச் சொற்பொழிவிலே பொதுமக்களுக்கு விளக்கினார். மண்டபம் நிறைந்திருந்தது, எழுத்தாளர் ஜோர்ஜ் சாண்ட் அம்மையாரும் வந்திருந்தார். பஸ்தேர் மண்டபத்தை இருளாக்கி, ஒரே ஒரு ஒளிக்கற்றையைப் பாய்ச்சினார். அவ்வொளியில் மிதந்த எண்ணற்ற தூசித்துகள்களைச் சபையோர் தம் கண்ணாலே கண்டனர். தாம் கூறுவதை நம்பும்படி கேளாது, பார்த்துத் தீர்மானிக்கும்படி அவர் விட்டார். பொதுமக்களுக்கு விஞ்ஞானம் புகட்டுவதற்கு இதைவிடச் சிறந்த முறை இல்லையென்றே கூறலாம்.

1865இல் தென் பிரான்சின் பட்டுப்புழு வளர்ப்போர் நோயினால் வாழ்விழந்து நின்றபோது, பஸ்தேர் அலேஸ் நகருக்குச் சென்றார். நோயுற்ற அந்துப்பூச்சிகளை நுணுக்குக்காட்டியினாலே கண்டறிந்து, அவற்றின் முட்டைகளை நீக்கும் முறையை அவர் வகுத்தார். குடியானவரால் நுணுக்குக்காட்டியைக் கையாள முடியுமா என்று ஐயுற்றவர்களிடம், தமது ஆய்வுகூடத்தில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதனை எளிதாகக் கற்றுக்கொண்டாள் என்று எடுத்துக் காட்டினார். அறிவு ஒரு சிலரின் சொத்தாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அச்சிறுமியே சான்றாயினாள்.

பணம் இல்லாத அமைச்சும் பஸ்தேரின் கட்டுரையும்

1867ஆம் ஆண்டில் எக்கோல் நோர்மாலிலே ஒரு குழப்பம் உண்டாயிற்று. செனற் சபையில் சிந்தனைச் சுதந்திரத்திற்காகப் பேசிய எழுத்தாளர் சென்ற்-பேவைப் பாராட்டி மாணவர்கள் ஒரு கடிதம் அனுப்பினர். அது பத்திரிகையில் வெளிவந்ததும், எழுதிய மாணவர் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார். ஏனைய மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர். கல்லூரி சிலகாலம் மூடப்பட்டது. நிர்வாகியாகிய பஸ்தேர் கண்டிப்பும் கட்டுப்பாடும் மிக்கவர். அவர் நின்றது மாணவர் பக்கத்திலன்று. முடிவில் அவரும் நிர்வாகப் பதவியை இழந்தார்.

மனந்திறந்து பேசுவோர் முன்னே கதவு அடைக்கப்படுவதை அவர் தாமே அனுபவிக்க அதிக காலம் செல்லவில்லை. புதிய ஆய்வுகூடம் ஒன்று அமைப்பதற்குப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் இணங்கியிருந்தும், அதற்குரிய பணத்தைக் கொடுக்க அதிகாரிகள் மறுத்தனர். பரிசு நகரிலே புதிய ஓபரா மாளிகைக்குக் கோடிக்கணக்கில் பணம் கொட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. பொறுமையிழந்த பஸ்தேர், 1868ஆம் ஆண்டின் தொடக்கத்திலே விஞ்ஞானத்திற்கான வரவு செலவு பற்றி ஒரு கட்டுரை எழுதினார்.

அக்கட்டுரையில் அவர் ஒன்றையும் மூடிமறைக்கவில்லை. அண்டை நாடாகிய ஜேர்மனி பெரும் ஆய்வுகூடங்களைக் கட்டிவருகையில், பிரான்சின் தலைசிறந்த அறிஞர்கள் ஈரமும் இருளும் நிறைந்த அறைகளில் வேலை செய்து நோயுறுகின்றனர் என்றார். மாபெரும் உடற்றொழிலியல் அறிஞராகிய குளோட் பேர்னாரின் நிலையை உதாரணமாகக் காட்டினார். கல்வி அமைச்சின் செலவுத் திட்டத்தில் ஆய்வுகூடங்களுக்கென ஒரு சதமும் இல்லை என்பதை வெளிப்படையாக எழுதினார்.

அரசின் பத்திரிகையாகிய மொனித்தேர் அதனை வெளியிட மறுத்துவிட்டது. அரசைக் குறைகூறும் எழுத்துக்கு அங்கே இடமில்லை. ஆயினும் கட்டுரை பேரரசரின் பார்வைக்குச் சென்றது. பெப்ரவரி மாதத்தில் ஒரு விஞ்ஞான வார இதழிலும் வெளிவந்தது. மார்ச் 16ஆம் திகதி பேரரசர், பஸ்தேரையும் குளோட் பேர்னார் முதலிய அறிஞர்களையும் அரண்மனைக்கு அழைத்துக் கலந்துரையாடினார். அவ்வாண்டு யூலை இறுதியில், கல்வி அமைச்சர் டுருயியின் முயற்சியால், ஆய்வுப் பயிற்சிக்கென உயர்கல்வி நிறுவனம் ஒன்றும் தோற்றுவிக்கப்பட்டது. பஸ்தேரின் ஆய்வுகூடக் கட்டட வேலையும் தொடங்கியது.

1868 ஒக்டோபர் 19ஆம் திகதி பஸ்தேர் பாரிசவாதத்தினால் வீழ்ந்தார். அவருடைய இடப்பக்கம் செயலிழந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்து. அவர் பிழைக்கமாட்டார் என்று எண்ணிய அதிகாரிகள், கட்டட வேலையை அந்தரத்திலே நிறுத்தினர். நோய்ப்படுக்கையிலிருந்த அறிஞர் இதனை அறிந்து உள்ளம் உடைந்தார். செய்தி பேரரசருக்கு எட்டியதும் வேலையைத் தொடரும்படி ஆணை பிறந்தது. ஒரு மனிதரை நம்பி ஒதுக்கப்படும் பணம், அவர் படுக்கையில் விழுந்தவுடனே நின்றுவிடுகின்றது. நாட்டுக்கென ஒதுக்கப்படும் பணமே நிலைக்கும்.

1870இல் மூண்ட போரிலே பிரான்ஸ் தோல்வியுற்றது. 1871 மார்ச் மாதம் லியோன் நகரப் பத்திரிகை ஒன்றிலே பஸ்தேர் மீண்டும் எழுதினார். அரைநூற்றாண்டுக் காலம் விஞ்ஞானத்தைப் புறக்கணித்தமையே ஆபத்து வேளையில் நாடு தலைகுனிந்ததற்குக் காரணம் என்று இடித்துரைத்தார். பின்னர் 1874இல் தேசிய சபை அவருக்கு ஆண்டுக்கு 12,000 பிராங்க் கொடை வழங்கத் தீர்மானித்தது.

கைகழுவச் சொன்னவருக்கு நேர்ந்த கதி

1879 மார்ச் மாதம், வைத்திய அக்கடமியில் பிரசவக் காய்ச்சல் பற்றி ஒருவர் உரையாற்றிக்கொண்டிருந்தார். பஸ்தேர் இடைமறித்து எழுந்து சென்று, கரும்பலகையிலே மணிகள் கோத்த மாலை போன்ற ஒரு நுண்ணுயிரை வரைந்து, இதுவே காரணம் என்று விளக்கினார். மருத்துவரின் கைகளே அதனை ஒரு தாயிடமிருந்து மற்றொரு தாய்க்குக் கொண்டு செல்கின்றன என்றார்.

இதனை முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே வியன்னாவில் ஒருவர் கண்டிருந்தார். அவர் ஹங்கேரிய மருத்துவராகிய செம்மல்வைஸ். பிணங்களை அறுத்த கையுடன் மருத்துவர்கள் பிரசவம் பார்ப்பதே சாவுக்குக் காரணம் என்று கண்டு, 1847 மே மாதத்திலிருந்து குளோரின் நீரிலே கைகழுவும்படி செய்தார். அவ்வாண்டு ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த தாய்மாரின் சாவு, யூன் மாதத்தில் நூற்றுக்கு இரண்டாகக் குறைந்தது. ஆயினும், தாய்மாரின் சாவுக்கு மருத்துவரே காரணர் என்னும் பேச்சை மேலோர் விரும்பவில்லை. 1849இல் அவருடைய பதவி புதுப்பிக்கப்படவில்லை. 1865இல் மனநோய் விடுதி ஒன்றிலே அவர் இறந்தார். உண்மையைச் சொன்னவரைச் செவிமடுக்காதபடியால், பிள்ளை பெற்ற தாய்மார் வீணே மாண்டனர்.

புய்யி-லெ-போர் ஆட்டுப்பட்டி

அக்காலத்தில் அந்திராக்ஸ் என்னும் அடைப்பான் நோய் ஆடுமாடுகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. அதற்குத் தடுப்பூசி கண்டுவிட்டதாகப் பஸ்தேர் அறிவித்தபோது, மிருக வைத்தியர் ரொசின்யோல் பகிரங்கப் பரீட்சைக்கு அழைப்பு விடுத்தார். பஸ்தேர் தயங்காது ஏற்றார். மெலன் நகருக்கு அருகிலுள்ள புய்யி-லெ-போர் என்னும் கிராமத்திலே, 1881 மே 5ஆம் திகதி பரீட்சை ஆரம்பமாயிற்று. 24 செம்மறியாடுகளுக்கும் ஒரு வெள்ளாட்டுக்கும் சில மாடுகளுக்கும் ஊசி ஏற்றப்பட்டது. அதே அளவு ஆடுகள் ஊசியின்றி விடப்பட்டன. மே 17இல் இரண்டாவது ஊசி. மே 31இல் எல்லாவற்றுக்கும் கொடிய நோய்க்கிருமி செலுத்தப்பட்டது.

யூன் 2ஆம் திகதி விவசாயிகளும் வைத்தியர்களும் அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் திரண்டனர். ஊசி பெறாத ஆடுகள் பெரும்பாலும் இறந்து கிடந்தன. மிகுதியானவை அன்றைய பொழுதுக்குள் இறந்தன. ஊசி பெற்றவை புல் மேய்ந்துகொண்டிருந்தன. படிப்பறியாத இடையனும் பார்த்து விளங்கிக்கொள்ளும் ஒரு பாடமாக அது அமைந்தது.

ஆனால் அன்று கூடியிருந்தோர் அறியாத ஒன்று இருந்தது. காற்றின் ஒட்சிசனால் கிருமியை வலுவிழக்கச் செய்யும் தமது முறையிலேயே ஊசிமருந்து ஆக்கப்பட்டதாக மக்கள் எண்ணும்படி பஸ்தேர் விட்டார். உண்மையிலே அங்கு பயன்பட்டது, அவருடைய உதவியாளர் ஷம்பர்லான் பொற்றாசியம் இருகுரோமேற்று என்னும் இரசாயனப் பொருளைக் கொண்டு ஆக்கிய மருந்தாகும். கிருமியை மருந்துப்பொருளால் வலுவிழக்கச் செய்யும் வழியை 1880இல் நாடியவர் துலூஸ் நகர மிருக வைத்தியப் பேராசிரியர் துசேன். அவருக்குச் சேரவேண்டிய புகழ் மறைந்துபோயிற்று. 1890இல் நாற்பத்து மூன்று வயதிலே அவர் இறந்தார்.

விசர்நாய்க்கடியும் எழுந்த கேள்விகளும்

1885 யூலை 6ஆம் திகதி, அல்சாசிலிருந்து யோசப் மெய்ஸ்ரர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனைத் தாயார் அழைத்து வந்தார். விசர்நாய் கடித்த காயங்கள் அவன் உடலெங்கும் இருந்தன. பஸ்தேர் வைத்தியப் பட்டம் பெறாதவர். ஆதலால் மருத்துவர் கிரான்ஷே ஊசி ஏற்றினார். பத்து நாட்களில் பதின்மூன்று ஊசிகள் ஏற்றப்பட்டன. சிறுவன் பிழைத்தான். வளர்ந்த பின் பஸ்தேர் நிறுவகத்தின் வாயிற்காவலராகவும் பணியாற்றினான்.

இம்முறையை மனிதரிடம் கையாள இன்னும் காலம் வரவில்லை என்று பஸ்தேரின் நெருங்கிய உதவியாளர் எமில் ரூ கருதினார். வைத்திய அக்கடமியிலோ, மருத்துவர் மிஷெல் பீற்றர் வெளிப்படையாகவே எதிர்த்தார். சிகிச்சை பெற்றும் இறந்தோர் பற்றி 1887 சனவரியில் அவர் கேள்வி எழுப்பினார். பீற்றர் நுண்ணுயிர்க் கொள்கையையே ஏற்காதவர். அதில் அவர் தவறினார். ஆயினும் இறந்தோர் பற்றிய கேள்வி கேட்கப்பட வேண்டிய கேள்வியே.

அதற்குச் சரியான பதில் இங்கிலாந்திலிருந்து வந்தது. சேர் ஜேம்ஸ் பஜெற் தலைமையில் அந்நாட்டு அரசு 1886இல் ஒரு குழுவை நியமித்தது. குழுவினர் பரிசுக்கு வந்து, சிகிச்சை பெற்ற தொண்ணூறு பேரின் விபரங்களைத் தாமே ஆராய்ந்தனர். இங்கிலாந்திலே விக்ரர் ஹோர்ஸ்லி விலங்குகளில் அதே பரிசோதனையைத் திரும்பவும் செய்தார். 1887இல் பஸ்தேரின் முறை பயன் தருவதே என்று குழு அறிக்கையிட்டது. எதிர்த்தவர்களின் வாயை அடைப்பதால் மக்களின் ஐயம் தீராது. சார்பற்ற ஒருவர் மீண்டும் செய்து பார்ப்பதனாலேயே அது தீரும்.

மக்கள் பணத்தால் எழுந்த நிறுவகம்

விசர்நாய்க்கடி சிகிச்சைக்கு ஒரு நிலையம் அமைக்கப் பொதுமக்களிடம் நிதி திரட்டப்பட்டது. ருஷ்ய மன்னரும் பிரேசில் மன்னரும் துருக்கி சுல்தானும் கொடுத்தனர். எளிய மக்களும் தம்மால் இயன்றதைக் கொடுத்தனர். இருபத்தைந்து இலட்சம் பிராங்குக்கு மேல் சேர்ந்தது. 1888 நவம்பர் 14ஆம் திகதி சனாதிபதி சாடி கார்னோ முன்னிலையிலே பஸ்தேர் நிறுவகம் திறந்து வைக்கப்பட்டது. கூரையடி அறையில் ஆரம்பித்தவர், மக்கள் கட்டிக்கொடுத்த மனையிலே நின்றார். ஆயினும் அவருடைய உடல்நலம் குன்றியிருந்தது. 1895 செப்ரெம்பர் 28ஆம் திகதி அவர் காலமானார். அவருடைய உடல் அந்நிறுவகத்தின் நிலவறையிலே அடக்கம் செய்யப்பட்டுள்ளது.

பெறாமகன் எழுதிய நூல்

பஸ்தேர் தமது ஆய்வுக் குறிப்பேடுகளை எவருக்கும் காட்டவேண்டாம் என்று குடும்பத்தாரைக் கேட்டிருந்தார். அவர்களும் நெடுங்காலம் அவ்வாறே செய்தனர். முதலில் வாய் திறந்தவர் மனைவியின் சகோதரி மகனும் ஆய்வுகூட உதவியாளருமாகிய அட்ரியன் லுவார். 1938ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே, புய்யி-லெ-போரில் உண்மையாகப் பயன்படுத்திய மருந்து எது என்பதையும், விசர்நாய்க்கடி ஆய்வின் வேளையில் ஆய்வுகூடத்திலே எழுந்த கருத்து வேறுபாடுகளையும் எழுதினார். பஸ்தேரைத் தெய்வமாகப் போற்றிய நாட்டிலே பெறாமகன் இவ்வாறு எழுதுவது எளிதன்று. அவர் கூறியவற்றைப் பலகாலம் எவரும் பொருட்படுத்தவில்லை.

1964இல் பஸ்தேரின் பேரனார் நூற்றுக்கும் மேற்பட்ட அக்குறிப்பேடுகளைப் பிரான்ஸ் தேசிய நூலகத்துக்கு அளித்தார். அவற்றை ஆராய்ந்த அமெரிக்க வரலாற்றாசிரியர் ஜெரால்ட் கைசன் 1995இல் ஒரு நூலை வெளியிட்டார். தடுப்பூசி மருந்து பற்றி லுவார் எழுதியது உண்மையே என்று குறிப்பேடுகள் காட்டின. மெய்ஸ்ரருக்கு முன்பே வேறு இருவருக்கு விசர்நாய்க்கடி மருந்து கொடுக்கப்பட்டதும் வெளிவந்தது. கைசன் அளவுக்கு மீறிக் குற்றங்காண்கிறார் என்று நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் பெருட்ஸ் மறுத்தெழுதினார். இவ்வாறு இருபக்கமும் எழுதி ஆராய்வதே விஞ்ஞானத்தின் இயல்பு.

இவற்றால் பஸ்தேர் சிறுமையடைந்துவிட்டாரா? இல்லை என்பதே எமது கருத்து. தடுப்பூசி வேலை செய்தது, உயிர்கள் காக்கப்பட்டன. ஆனால் அரசு மூடி வைத்ததை வெளியிட்டவர், தாம் மூடி வைத்ததை வெளியிடவில்லை. அந்த மறைப்பினால் துசேன் தமக்குரிய இடத்தை இழந்தார். விஞ்ஞானத்தின் மீது ஐயம் கொண்டோருக்கும் அது வாய்ப்பளித்தது.

எமக்குரிய பாடம்

தமிழ்நாட்டின் நீலகிரி மலையிலுள்ள குன்னூரிலே 1907ஆம் ஆண்டில் பஸ்தேர் பெயரால் ஒரு நிறுவகம் தொடங்கப்பட்டது. பின்னாளில் அது இந்தியக் குழந்தைகளுக்குரிய தடுப்பூசிகளை ஆக்கியது. 2008 சனவரியில் இந்திய அரசு, குன்னூர், கிண்டி, கசௌலி ஆகிய மூன்று இடங்களிலிருந்த தனது தடுப்பூசி நிலையங்களின் உற்பத்தி அனுமதியை இடைநிறுத்தியது. உற்பத்தி விதிகளுக்கு அவை பொருந்தவில்லை என்பது கூறப்பட்ட காரணம். அவற்றைப் புதுப்பிக்க உரிய காலத்தில் பணம் கொடாதது யார் குற்றம் என்று முன்னாள் அதிகாரிகளும் மருத்துவர்களும் கேட்டனர். வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2010இல் இடைநிறுத்தம் நீக்கப்பட்டது. 1868இல் பஸ்தேர் கேட்ட கேள்வி, நூற்று நாற்பது ஆண்டுகளின் பின் தமிழ் மண்ணிலும் ஒலித்தது.

பிரான்சிலும் இத்தகைய குரல்கள் எழுகின்றன. மெடியாதோர் என்னும் மருந்து இதயத்தைப் பாதிக்கின்றது என்று பிரெஸ்ட் நகர மருத்துவர் இரேன் பிராஷோன் எச்சரித்தார். 2009இல் அம்மருந்து விலக்கப்பட்டது. 2010இல் அவர் எழுதிய நூலின் துணைத்தலைப்பை நீக்கும்படி ஒரு நீதிமன்றம் கட்டளையிட்டது. 2021இல் பரிசு நீதிமன்றம் மருந்து நிறுவனமாகிய செர்வியேயைக் குற்றவாளியெனத் தீர்த்தது. இத்தகையோரைப் பழிவாங்கலிலிருந்து காப்பதற்கு இந்நாட்டிலே 2016 டிசம்பரிலும் 2022 மார்ச்சிலும் சட்டங்கள் ஆக்கப்பட்டன. மன்னனுக்கு இடித்துரைப்போர் துணை வேண்டும் என்று எமது வள்ளுவப் பெருந்தகை வற்புறுத்தியதும் இக்கருத்தையே.

பெற்றோர்களே! 2018ஆம் ஆண்டிலே பிரான்ஸ் அரசு குழந்தைகளுக்குக் கட்டாயமான தடுப்பூசிகளை மூன்றிலிருந்து பதினொன்றாக உயர்த்தியது. பாடசாலையிலிருந்தும் வைத்தியசாலையிலிருந்தும் வரும் கடிதங்களை எம்மிற் பலருக்கு எமது பிள்ளைகளே வாசித்துச் சொல்கின்றனர். பொபினியிலும் லாச்சப்பலிலும் வாய்வழியாக உலவும் வதந்திகளைக் கேட்டுத் தடுமாறுவோரும் உள்ளனர். பிள்ளை அறிந்த பிரெஞ்சும் பெற்றோர் அறிந்த தமிழும் ஒன்றுசேர்ந்தால், எந்த வதந்தியையும் ஆராய்ந்து பார்க்க முடியும். அதற்குத் தமிழிலே விஞ்ஞானம் பேசத் தெரிந்த பிள்ளை வேண்டும். தமிழ்ப் பாடசாலையின் பணிகளுள் இதுவும் ஒன்றென நாம் கருதுகின்றோம்.

மாணவச் செல்வங்களே! பொபினியின் ஓரமாக ஓடும் ஊர்க் கால்வாயின் கரைவழியே சென்றால் லா விலெத்தை அடையலாம். அங்கே 1986ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விஞ்ஞான நகரம் உள்ளது. விஞ்ஞானத்தைப் பொதுமக்கள் கண்டும் தொட்டும் அறிவதற்கென அரசின் பணத்தில் எழுந்த மாளிகை அது. பஸ்தேர் அன்று ஒளிக்கற்றையில் காட்டியதைப் போன்ற பாடங்கள் அத்தகைய இடங்களிலே உங்களுக்குக் கிடைக்கும். காண்பதைக் கண்டு, கேட்க வேண்டியதைக் கேளுங்கள். உங்களுடைய கணக்கிலோ பரிசோதனையிலோ பிழை உண்டென்று தோழன் ஒருவன் சுட்டிக்காட்டினால், சினவாது அவனுக்கு நன்றி கூறுங்கள். பெரியோர் கூறுவதிலும் ஐயம் எழுந்தால், பணிவுடன் கேட்டுத் தெளியுங்கள்.

லூயி பஸ்தேரின் உழைப்பையும் துணிவையும் போற்றுவோம். அவர் மறைத்ததை வெளியிட்ட லுவாரின் நேர்மையையும், செவிமடுக்கப்படாது மறைந்த செம்மல்வைசின் துயரத்தையும் அவருடன் சேர்த்தே நினைவிற் கொள்வோம். அறிவை ஊரறியக் காட்டவும், அதற்குரிய பணத்தைக் கேட்கவும், பிழையைச் சுட்டுவோரைக் காக்கவும் தெரிந்த சமுதாயமே உயரும். எமது பிள்ளைகள் அத்தகைய சமுதாயத்தின் தூண்களாக வளர்வார்களாக!